இடைக்கால ஆங்கிலச் செய்யுளும் தமிழ் மாணாக்கரும்

ஆண்டுதோறும் புதிய வகுப்புத் தொடங்கிய சின்னாட்களில் மாணாக்கர் யாரேனும் ஒருவர் எம்மை அணுகி, "ஐயா, ஆங்கிலேயரே இன்று பேசாத ஓர் ஆங்கிலத்தைத் திருச்சிராப்பள்ளியிலுள்ள நாங்கள் ஏன் கற்றல் வேண்டும்?" என்று வினவுவது வழக்கமாகிவிட்டது. வினா நேர்மையானது. சாஸர் என்னும் கவிஞர் மறைந்தது 1400-ஆம் ஆண்டில். அறுநூறு ஆண்டுகட்கு மேற்பட்ட அவர்தம் மொழியைக் கற்பதால் உத்தியோகம் கிடைக்குமென்றோ, ஆங்கிலம் பேசும் திறன் பெருகுமென்றோ யாம் சொல்லத் துணியோம். எனினும் அப்பாடம் நமக்கு வேண்டுவதே என்பதும், அதனைக் கற்றற்குத் தமிழ் மாணாக்கருக்குச் சில தனி வசதிகள் உண்டு என்பதும் எம் துணிபு. அவற்றை ஈண்டுச் சுருங்கக் கூறுவோம்.

முதலில் நாம் நாள்தோறும் காணும் ஓர் இடத்திலிருந்து தொடங்குவோம். மாலையிற் கல்லூரி விட்டதும் நம்மிற் பலர் சத்திரம் பேருந்து நிலையத்திற்குச் செல்கின்றோம். அங்கே சமயபுரத்திற்கு மஞ்சளாடையுடுத்துச் செல்லும் குடும்பத்தார், லால்குடி, துறையூர், முசிறி முதலிய ஊர்களுக்கு மீளும் உழவர், பூக்கூடையுடன் அமர்ந்திருக்கும் மூதாட்டியர், கோப்பு சுமந்த குமாஸ்தாக்கள், ஸ்ரீரங்கத்துப் பெருமாளைச் சேவிக்க வந்த வெளியூரார் எனப் பலதிறத்தாரும் ஒருங்கே நிற்கின்றனர். வண்டி வந்ததும் அனைவரும் ஒரே வண்டியில் நெருங்கி ஏறுகின்றனர். காவிரிப் பாலத்தைக் கடப்பதற்குள் ஒருவர் கதையை மற்றொருவர் கேட்டுவிடுகின்றார். சத்திரம் என்பது வழிப்போக்கர் தங்கும் இல்லத்தின் பெயர். இன்று அங்கே இரவிற் படுத்துறங்குவார் இலர். ஆயினும் அப்பெயர் நிலைத்துள்ளது, வழிப்போக்கரும் குறைந்தாரல்லர்.

சாஸருடைய 'காண்டர்பரிக் கதைகள்' என்னும் நூலும் ஒரு சத்திரத்திலேயே தொடங்குகின்றது. இலண்டன் மாநகர்க்குத் தெற்கே, தேம்ஸ் நதியின் அக்கரையிலுள்ள சதர்க் என்னும் பகுதியில் டாபர்டு என்றொரு விடுதி இருந்தது. வசந்த காலத்து மாலை ஒன்றில் இருபத்தொன்பதின்மர் அங்கு வந்து சேர்கின்றனர். அனைவரும் காண்டர்பரி நகரில், 1170-இல் கொலையுண்ட தாமஸ் பெக்கட் என்னும் அருளாளரின் சமாதியைத் தரிசிக்கச் செல்லும் யாத்திரிகர். போர்வீரர், மாவு அரைப்போன், கன்னியர் மடத் தலைவி, வணிகர், வழக்கறிஞர், ஐந்து கணவரை மணந்த நெசவுக்காரி, உழவர், அவ்வுழவரின் உடன்பிறந்த ஏழைக் குருவானவர் என அவர்கள் பல தரத்தினர். ஆக்ஸ்போர்டு மாணாக்கர் ஒருவரும் அவருள் உளர்; அவரும் மெலிந்தவர், அவர் குதிரையும் மெலிந்தது; கைக்கு வரும் காசெல்லாம் புத்தகத்திற்கே செலவிடுபவர். விடுதித் தலைவன் ஒரு பந்தயம் கூறுகின்றான்: போகும்போது இரண்டு, மீளும்போது இரண்டு என ஒவ்வொருவரும் கதை சொல்லுதல் வேண்டும், சிறந்த கதை சொன்னார்க்கு ஏனையோர் செலவில் விருந்து. இக்கணக்கின்படி கதைகள் நூற்றுக்கு மேற்படல் வேண்டும். ஆசிரியர் எழுதிச் சென்றவை 24 மட்டுமே. அவற்றுள்ளும் சில முற்றுப்பெறாதவை.

இங்கே நாம் கவனிக்கத்தக்கது ஒன்று உண்டு. காண்டர்பரிச் சமாதி 1538-இல் எட்டாம் ஹென்றி மன்னரின் ஆணையால் அழிக்கப்பட்டது. டாபர்டு விடுதி 1676-ஆம் ஆண்டுத் தீயில் வெந்து, மீண்டும் கட்டப்பட்டு, 1873-இல் இடிக்கப்பட்டது. ஆதலின் இன்றைய இலண்டன் மாணாக்கர் சாஸருடைய யாத்திரையைத் தம் கற்பனையாலேயே கட்டிக்கொள்ளுதல் வேண்டும். நமக்கோ அவ்வருமையில்லை. பக்தியும் வாணிகமும், நோன்பும் நகைப்பும், உயர்ந்தோரும் எளியோரும் ஒரே வழியில் எவ்வாறு கலந்து செல்வர் என்பதை மார்கழி மாதத்து விடியலில் சத்திரத்திலிருந்து ஸ்ரீரங்கம் செல்லும் வண்டியே நமக்குக் காட்டிவிடும். கவிஞர் யாத்திரிகரைக் கேலி செய்கின்றாரா, வழிபடுகின்றாரா என்று உரையாசிரியர் வினவுவர். அவ்வண்டியிற் சென்றவர்க்கு அவ்விரண்டும் ஒருங்கே நிகழக்கூடும் என்பது விளங்கும்.

காலத்தையும் ஒருவாறு பொருத்திப் பார்த்தல் நலம். சாஸர் பிறந்தது ஏறத்தாழ 1343-இல். 1323-ஆம் ஆண்டுப் படையெடுப்பின்போது ஸ்ரீரங்கத்தினின்று வெளியே கொண்டு செல்லப்பட்ட அரங்கநாதரின் உற்சவத் திருமேனி, பல ஊர்களில் அலைந்தபின், விஜயநகரத் தளபதி கோபணாரியரால் 1371-இல் திரும்ப எழுந்தருளச் செய்யப்பட்டது. அப்போது சாஸர் முப்பதை நெருங்கிய வயதினர். அதற்கடுத்த ஆண்டின் இறுதியில் அரச காரியமாக இத்தாலி நாட்டிற்குப் புறப்பட்டார். 1374-இல் இலண்டன் துறைமுகத்தில் கம்பளி முதலியவற்றின் சுங்கக் கணக்கை மேற்பார்க்கும் உத்தியோகம் பெற்றார். பகலெல்லாம் கணக்குப் பார்த்து இரவிற் கவி இயற்றியவர் அவர். ஆகவே 'இடைக்காலம்' என்னும்போது அது எங்கோ எட்டாத தூரத்துப் பழமை என்று கருதற்க. அக்காலத்தில் இந்நகரத்தாரும் வாழ்ந்தனர், அஞ்சினர், மீண்டனர்.

இனி மொழியின் நிலையை நோக்குவோம். 1066-ஆம் ஆண்டில் நார்மானியர் இங்கிலாந்தை வென்றபின், அரசவையிலும் வழக்கு மன்றத்திலும் பிரெஞ்சு மொழியும், சமயத்திலும் கல்வியிலும் இலத்தீனும் ஆட்சி செலுத்தின. ஆங்கிலம் உழவர் வீட்டிலும் சந்தையிலும் வாழ்ந்தது. 1362-இலேயே வழக்குகளை ஆங்கிலத்தில் வாதிக்கலாம் என்று சட்டம் செய்யப்பட்டது. இவ்விடைவெளியில் ஆயிரக்கணக்கான பிரெஞ்சுச் சொற்கள் ஆங்கிலத்திற் புகுந்தன. கொட்டிலில் நிற்கும் மாட்டிற்கு ஆங்கிலப் பெயரும், தட்டில் வைத்த அதன் இறைச்சிக்குப் பிரெஞ்சுப் பெயரும் வழங்குவதை இதற்குச் சான்றாகக் கூறுவர். இருமொழிக் கலப்பு நமக்குப் புதிதன்று. பதின்மூன்றாம் நூற்றாண்டில் ஸ்ரீரங்கத்திலிருந்து நம்பிள்ளை திருவாய்மொழிக்குக் கூறிய விரிவுரையும், பெரியவாச்சான் பிள்ளையின் வியாக்கியானங்களும் தமிழும் வடமொழியும் கலந்த மணிப்பிரவாள நடையில் அமைந்தவை. எந்தச் சொல் எம்மொழியினின்று வந்தது, அதனை ஆசிரியர் எதன்பொருட்டு அவ்விடத்தில் வைத்தார் என்று ஆராயும் பழக்கம் அவ்வுரைகளைப் படித்தார்க்கு உண்டு. சாஸரைக் கற்றற்கும் அப்பழக்கமே முதற்கருவி. கன்னியர் மடத் தலைவிக்குப் பிரெஞ்சுச் சொற்களும், மாவு அரைப்போனுக்கு நாட்டுச் சொற்களும் மிகுதியாக வருவதன் நுட்பம் அப்போது புலனாகும்.

அடுத்து ஒலி. இப்பகுதியே மாணாக்கர்க்கு அச்சம் விளைப்பது. உண்மையில் இதுவே நமக்கு மிக எளியது. இன்றைய ஆங்கிலத்தில் எழுத்து ஒன்று, ஒலி வேறு. சாஸர் காலத்திலோ பெரும்பாலும் எழுதியவாறே ஒலித்தனர். போர்வீரனைக் குறிக்கும் சொல்லை இன்று 'நைட்' என்கின்றோம். சாஸர் அதன் முதலிலுள்ள ககர ஒலியை விடாமல், இகரத்தைக் குறிலாக்கி, டகரத்திற்கு முன் நம் ஆய்தத்தை ஒத்த ஓர் ஒலியையும் சேர்த்து, 'க்னிஃட்' என்பதுபோல் ஒலித்திருப்பார். காலத்தைக் குறிக்கும் 'டைம்' அவர் வாயில் 'டீமெ'. வீட்டைக் குறிக்கும் 'ஹவுஸ்' அவர்க்கு 'ஹூஸ்'. பெயரைக் குறிக்கும் 'நேம்' அவர்க்கு 'நாமெ'. ஈற்றிற் கூறியது வடமொழி 'நாமம்' என்பதோடு ஒரே வேரினின்று கிளைத்ததென்று மொழிநூலார் காட்டுவர். சாஸருடைய ஒலியிற் கேட்கும்போது அவ்வுறவு செவிக்கே விளங்குகின்றது. பதினைந்தாம் நூற்றாண்டு தொடங்கிச் சில தலைமுறைகளில் நெடில் உயிர்கள் யாவும் இடம்பெயர்ந்தன. அச்சியந்திரமும் அவ்விடைக்காலத்திலேயே வந்து, பழைய எழுத்துக்கூட்டலை நிலைநிறுத்திவிட்டது. காக்ஸ்டன் என்பார் இங்கிலாந்தில் முதன்முதல் அச்சுக்கூடம் அமைத்தது 1476-இல். காண்டர்பரிக் கதைகள் அவர் அச்சிட்ட முதல் நூல்களுள் ஒன்று. ஆதலின், எழுத்தும் ஒலியும் பிரிந்தமை கற்போரின் குற்றமன்று, மொழியின் வரலாறு.

இவ்விடத்தில் எம் வாழ்விற் கண்ட ஒன்றைச் சொல்லக் கடமைப்பட்டுள்ளோம். யாம் மாணாக்கராய் இருந்த காலத்தில், ஆங்கிலமே கேளாத சிற்றூர் ஒன்றினின்று வந்த நண்பர் ஒருவர் எம்முடன் பயின்றார். ஒருநாள் வகுப்பில் அவர் எழுந்து படிக்க நேர்ந்தபோது, மேற்கூறிய போர்வீரன் பெயரை, அதன் ஒவ்வோர் எழுத்தையும் மதித்து, 'கினிக்ட்' என்று ஒலித்தார். வகுப்பு முழுதும் நகைத்தது. யாமும் நகைத்தோம். அதன்பின் அவர் வாய்விட்டுப் படித்ததை யாம் கேட்டிலோம். அவ்வாண்டு முடியுமுன் அவர் படிப்பையும் விட்டு ஊர் சென்றார். வறுமையும் காரணமாயிருக்கலாம், எமது நகைப்புக்கு அதிற் பங்கில்லை என்று சொல்ல எம் நெஞ்சம் ஒப்பவில்லை. அடுத்த ஆண்டில் இடைக்காலச் செய்யுள் வகுப்புத் தொடங்கிற்று. ஆசிரியர் சாஸருடைய முகவுரையைப் பழைய ஒலிப்படி படித்துக் காட்டினார். 'க்னிஃட்' என்னும் சொல் வந்தபோது எம்மில் ஒருவரும் நகைக்கவில்லை. நண்பர் அமர்ந்திருந்த பலகையில் வேறொருவர் இருந்தார். எம்மைக் காட்டிலும் அவரே சாஸருக்கு அணித்தாய் நின்றார் என்பதை அவருக்குச் சொல்ல யாம் அன்று இயலாதவரானோம். இப்பாடத்தை மாணாக்கர் அனைவரும் கற்றல் வேண்டும் என்று யாம் விரும்புவதற்கு இந்நிகழ்ச்சி ஒரு பெருங்காரணம். மொழியின் வரலாறு அறிந்தவர் பிறர் உச்சரிப்பை எள்ளி நகையார்.

இனி யாப்பினைப் பார்ப்போம். சாஸருடைய அடி பெரும்பாலும் பத்து அசைகளை உடையது. ஆங்கில அசை ஓர் உயிரொலியைக் கொண்டது. நமது நேர், நிரை என்னும் பகுப்பு அதற்கில்லை. சொல்லின் ஈற்றிலுள்ள மெலிந்த எகரத்தை எண்ணுவதா, விடுவதா என்பதே மாணாக்கர் இடர்ப்படும் இடம். விதி இதுதான்: அடுத்த சொல் மெய்யெழுத்திற் தொடங்கின் அவ்வெகரம் பெரும்பாலும் ஒலிக்கும், உயிரெழுத்திற் தொடங்கின் கெடும். ஹகரத்திற் தொடங்கும் சில மெல்லிய சொற்களுக்கு முன்னும் கெடும். நாடு, அழகு என்னும் இரு சொற்கள் புணர்ந்து 'நாடழகு' என்றாகும்போது குற்றியலுகரம் தன் மெய்யை விட்டு ஓடுவதைப் பள்ளிப் பருவத்திலேயே கற்ற நமக்கு இது புதிய இலக்கணமாகுமோ? குற்றியலுகரம் அறிந்தவர் சாஸருடைய அடியைப் பத்து அசையாக எண்ணுதல் அரை மணி நேரப் பயிற்சியே. இனி, ஈரடிகள் இறுதியொலி ஒத்து இணையாய் வருவது அவர் பெரிதும் கையாண்ட முறை. இது நமது இயைபுத் தொடையை ஒத்தது. நாம் அடியின் தொடக்கத்தில் எதுகையை நாடுகின்றோம். அவர் அடியின் முடிவில் நாடினார்.

சாஸர் காலத்திலேயே இங்கிலாந்தின் மேற்கிலும் வடமேற்கிலும் வேறொரு செய்யுள் மரபு தழைத்திருந்தது. அதற்கு ஈற்றியைபு வேண்டுவதில்லை, மோனையே உயிர். லாங்லண்ட் என்பார் இயற்றியதாகக் கூறப்படும் 'உழவன் பியர்ஸ்' என்னும் கனவுக் காவியமும், ஆசிரியர் பெயர் தெரியாத 'கவேயினும் பச்சை வீரனும்' என்னும் கதையும் இம்மரபின. இதன் அடி நடுவே ஓர் இடைவெளியால் இரு பாதியாகும். ஒவ்வொரு பாதியிலும் அழுத்தம் பெறும் இடங்கள் இரண்டு. இந்நான்கனுள் முதன் மூன்றும் ஒரே ஒலியிற் தொடங்குவதும், நான்காவது வேறுபடுவதும் பெருவழக்கு. 'காவிரிக் கரையிற் கண்ட நிலவு' என்று நாம் ஒரு நாற்சீரடி அமைப்போமாயின், முதன் மூன்று சீரும் மோனை பெற்று, நான்காவது பெறாது நிற்கும். இதனை நம் இலக்கணிகள் கூழை மோனை என்பர். இணை, பொழிப்பு, ஒரூஉ, கூழை, மேற்கதுவாய், கீழ்க்கதுவாய், முற்று என எழுவகையாக அவர் பகுத்த தொடை விகற்பங்களுள் ஒன்றையே ஆங்கிலப் புலவர் தம் அடிக்குப் பொதுவிதியாகக் கொண்டனர் எனலாம்.

வேற்றுமைகளையும் மறத்தலாகாது. நாம் சீரின் முதலெழுத்தை நோக்குகின்றோம். அவர் அழுத்தம் பெறும் அசையின் முதலொலியை நோக்கினர். ஆதலின் சொல்லின் முன்னே அழுத்தமில்லாத ஒட்டு வரினும் அவர் அதனைப் பொருட்படுத்தார். நமக்கு அகரம், ஆகாரம், ஐகாரம், ஔகாரம் ஓரினமாகவும், இகரம், ஈகாரம், எகரம், ஏகாரம் ஓரினமாகவும், உகரம், ஊகாரம், ஒகரம், ஓகாரம் ஓரினமாகவும் மோனை கொள்ளும். அவர்க்கோ எவ்வுயிரும் எவ்வுயிரோடும் மோனை கொள்ளும். இரு மொழிகளும் ஒன்றையொன்று பார்த்து இவ்வாறு செய்தனவல்ல. செவியால் நினைவிற் பதிக்க வேண்டிய காலத்தில் இரண்டும் தனித்தனியே ஒரே துணையை நாடின என்று கொள்ளுதலே முறை.

இச்செய்யுட்கள் நம் கைக்கு வந்த வரலாறும் நமக்கு அந்நியமன்று. கவேயின் கதை உலகில் ஒரேயொரு கையெழுத்துப் பிரதியில் மட்டுமே தப்பியுள்ளது. அப்பிரதி அடங்கிய காட்டன் நூற்றொகுதி 1731-இல் தீப்பற்றிற்று. பல ஏடுகள் சாம்பராயின. பழைய ஆங்கிலக் காவியமாகிய 'பேயவுல்ப்' ஓரம் கருகியது. கவேயின் பிரதி பிழைத்தது. அதனை மாடன் என்பார் 1839-இல் அச்சிட்டார். இவ்வாறான நூல்களை வெளியிடுவதற்கென்றே பர்னிவால் என்பார் 1864-இல் ஒரு சங்கம் நிறுவினார். அந்நூற்றாண்டிலேயே இங்கு சென்னைச் சர்வகலாசாலையின் முதற் பட்டதாரிகளுள் ஒருவராகிய சி. வை. தாமோதரம் பிள்ளையும், திரிசிரபுரம் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் மாணாக்கராகிய உ. வே. சாமிநாதையரும் ஏட்டுச் சுவடிகளைத் தேடி அலைந்தனர். ஐயரவர்கள் சீவக சிந்தாமணியை வெளியிட்டது 1887-இல். இவ்விரு முயற்சிகளையும் அடுத்தடுத்து வைத்துப் படிக்கும் மாணாக்கர், நூல் என்பது தானே நிலைப்பதன்று, ஒருவர் காத்தமையால் நிலைப்பது என்பதை உணர்வர்.

ஆயினும் நம் வகுப்புகளில் நிகழ்வது யாது? பலர் மூலத்தைத் திறவாமலே, கடைத்தெருவிற் கிடைக்கும் குறிப்பு நூலையும் இக்கால ஆங்கில மொழிபெயர்ப்பையும் மனப்பாடம் செய்து தேர்வு எழுதிவிடுகின்றனர். தேர்ச்சியும் பெறுகின்றனர். இது நெல்லிருக்க உமியை உண்பது போலும். இத்தாலியிற் பிறந்து, இப்பகுதிகளில் உழைத்த வீரமாமுனிவர் (1680-1747) குறிப்பு நூலைக் கற்றுத் தேம்பாவணி பாடினாரல்லர். தொல்லிலக்கணத்தையும் காவியங்களையும் தமிழ்ப்புலவரிடம் மூலத்திலேயே கற்றார். வேற்று நாட்டார் ஒருவர்க்கு நம் மொழியில் இயன்றது, நமக்கு அவர்தம் கண்டத்து மொழியொன்றில் இயலாதென்பது பொருந்துமோ? "நம் கம்பரையே நாம் முழுதும் கற்றிலேமே, சாஸர் எதற்கு?" என்று ஒருசார் நண்பர் கூறுவர். அவர் கூற்றில் உண்மை உண்டு. ஆனால் ஒன்றை விடுத்தவர் மற்றொன்றைக் கற்கின்றார் என்பதை யாம் கண்டிலோம். திருச்சி வரகனேரியிற் பிறந்த வ. வே. சு. ஐயர் மேனாட்டுக் காவியங்களைக் கற்றமையாலன்றோ கம்பராமாயணத்தை அவற்றோடு ஒப்பிட்டு ஆராய முடிந்தது!

கற்கும் முறையைச் சுருக்கிக் கூறுவோம். முதலாவது, வாய்விட்டுப் படித்தல். சாஸருடைய முகவுரையின் முதற் பதினெட்டு அடிகளும் ஒரே வாக்கியம். அதனைப் பொருள் தெரியுமுன்னரே பத்து நாள் உரக்கப் படித்துப் பாடம் செய்க. இரண்டாவது, சொற்பொருள். மிச்சிகன் சர்வகலாசாலையார் 2001-இல் நிறைவுசெய்த இடைக்கால ஆங்கில அகராதி, கணினி வழியாக எவரும் பொருட்செலவின்றிப் பார்க்கும்படி வைக்கப்பட்டுள்ளது. இன்றும் வழங்கும் சொல்லையே ஐயத்துடன் நோக்குக. அதன் பழம்பொருள் வேறாயிருக்கும். மூன்றாவது, மொழிபெயர்ப்பைக் கடைசியிற் பார்த்தல். தாமே ஒருமுறை தமிழில் உரைநடையாக எழுதிப் பார்த்தபின் அதனை ஒப்பிடுக. நான்காவது, கலிபோர்னியாவிலுள்ள ஹண்டிங்டன் நூலகத்தார் காக்கும் எல்ஸ்மியர் ஏட்டின் நிழற்படத்தைத் திரையில் ஒருமுறையேனும் காண்க. யாத்திரிகர் குதிரைமேற் செல்லும் ஓவியங்கள் அதன் ஓரங்களில் உள்ளன. ஐந்தாவது, காவிரியைக் கடந்து சென்று, அத்யயன உற்சவத்தில் அரையர் சேவையைக் கேட்க. பழஞ்செய்யுள் கண்ணுக்காக மட்டும் எழுந்ததன்று என்பது அங்கே விளங்கும். ஆறாவது, கற்றதைத் தனித்து வைக்காமல் இருவர் மூவராய்க் கூடிப் படித்தல். இதற்கென ஓர் அறை வேண்டுவதில்லை. வண்டி வரும்வரை நிற்கும் நேரமே போதும்.

மாணவ அன்பர்காள்! முதலில் எழுந்த வினாவிற்கு விடை இதுவே. பழைய ஆங்கிலச் செய்யுள் நமக்கு வேலை தேடித் தருவதன்று. மொழிகள் மாறுகின்றன என்பதையும், இன்று பிழையெனப்படுவது நேற்று முறையாயிருந்தது என்பதையும், வேற்றுநாட்டு யாத்திரிகரும் நம்மைப்போல் ஒரு சத்திரத்திற் கூடியவரே என்பதையும் அது நமக்குக் காட்டுவது. இனி உங்கள் வகுப்பில் எவரேனும் ஒரு சொல்லை எழுத்தெழுத்தாய் ஒலித்து இடர்ப்படுவாராயின், நகையாதிருங்கள். அவர்பால் உட்கார்ந்து, "இச்சொல்லை முன்பு இவ்வாறே ஒலித்தனர், இன்று இப்படி மாறிற்று" என்று சொல்லுங்கள். யாம் ஒருவர்க்குச் சொல்லத் தவறியதை நீங்கள் ஒருவர்க்கேனும் சொல்வீராயின், இக்கட்டுரை தன் பயனைப் பெற்றதாகும்.